பனியின் மேல் விழுந்த பழி

ஐப்பசியில் தொடங்கி தை வரை வீட்டுக்கோழியின் முட்டை குறைந்துபோவது நெய்வேலி நகரியத்தில் கோழி வளர்க்கும் எவருக்கும் தெரிந்ததுதான். அதற்குச் சொல்லப்படும் காரணமும் வட்டத்துக்கு வட்டம் மாறுவதில்லை. குளிரில் கோழி ஒடுங்கிவிடும்; தின்றதெல்லாம் உடம்புச் சூட்டைக் காப்பதிலேயே தீர்ந்துவிடும்; பகல் வேறு குறுகிப்போகும். ஆகவே கூண்டைச் சாக்கும் தார்ப்பாயும் கொண்டு நான்கு பக்கமும் மூடி, உள்ளே ஒரு பல்பைத் தொங்கவிட்டு, தீனியில் மிளகும் பூண்டும் கூட்டினால் முட்டை திரும்பிவிடும் என்கிறார்கள். பாட்டி வாய்மொழியாக வந்த பாதியும் கைபேசியில் வந்த பாதியும் கலந்த அறிவுரை இது. முட்டை குறைவது உண்மை. சொல்லப்படும் காரணம் தவறு. பரிந்துரைக்கப்படும் மருந்தோ பல வீடுகளில் அந்தக் குறைவை இன்னும் ஒரு மாதம் நீட்டிக்கிறது.

குளிரை முதலில் பார்க்கலாம். நெய்வேலி வங்கக் கடலிலிருந்து முப்பது நாற்பது கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஊர். மார்கழி, தை இரவுகளில் இங்கே வெப்பநிலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டி நிற்கும். சில விடியல்களில் 18 வரை இறங்கலாம். பகலில் 28, 29 டிகிரி. வளர்ந்த கோழிக்கு இதமான வெப்பம் ஏறத்தாழ 18 முதல் 24 டிகிரி வரை என்பது கோழியியல் பாடநூல்களின் தொடக்கப் பாடம். மனிதர்கள் குல்லாய் மாட்டிக்கொண்டு பாலுக்குப் போகும் அந்த விடியல்தான் கோழிக்கு ஆண்டிலேயே சுகமான பொழுது. கோழியின் உடல் வெப்பம் 41 டிகிரிக்கு மேல். இறகுகளுக்கு நடுவே காற்றைச் சிறைப்பிடித்து, அலகைத் தோளுக்குள் செருகி, காலை மடக்கி வயிற்றுக்கடியில் வைத்துக்கொண்டு தூங்கும் உயிர் அது. ஏரி உறையும் நாடுகளில்கூடச் சூடேற்றாத மரக்கூண்டில் கோழிகள் குளிர்காலத்தைக் கடக்கின்றன. அங்கே கொண்டை நுனி உறைந்து கருகுவது உண்டு. ஆனால் உடம்பு நனையாமல், காற்று நேராக அடிக்காமல் இருந்தால் அந்தக் குளிரையும் அவை தாங்கும். 20 டிகிரியில் ஒரு கோழி விறைத்துப்போய் முட்டையை நிறுத்தியது என்று சொல்ல உடலியலில் இடமில்லை.

வெப்பத்தால் முட்டை குறையும் காலம் ஒன்று நெய்வேலியில் உண்டு. அது சித்திரையும் வைகாசியும். வெப்பம் 38, 40 டிகிரியைத் தொடும்போது, வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாயைத் திறந்து இரைக்கிறது. இரைக்க இரைக்க இரத்தத்திலிருந்து கரியமில வாயு வெளியேறுகிறது, ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது, ஓடு மெலிகிறது. தீனி எடுப்பதும் பாதியாகிறது. உண்மையான பகைமாதங்கள் இவை. ஆனால் இந்த மாதங்களில் கூண்டின் கூரைமேல் ஓலை போடவோ நிழல்வலை கட்டவோ மெனக்கெடுகிறவர்கள் குறைவு. மார்கழியில் தார்ப்பாய் வாங்கக் கடைக்குப் போகிறவர்களே அதிகம்.

குளிர்வாதம் விழுந்தாலும் பகல்வாதம் எளிதில் விழாது. அதில் பாதி அறிவியல் இருக்கிறது. கண் வழியாக மட்டுமன்றி மண்டையோட்டைத் தாண்டியும் ஒளி கோழியின் மூளையை எட்டுகிறது. அங்கிருந்து புறப்படும் சுரப்புநீர்ச் சங்கிலிதான் சூலகத்தைத் தூண்டுகிறது. நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் ஒளி கிடைத்தால் முட்டையிடும் திறன் உச்சத்தில் இருக்கும். பகல் சுருங்கச் சுருங்க அது தணியும். இதையெல்லாம் யாரும் மறுக்க முடியாது. கேள்வி, நெய்வேலியில் பகல் எவ்வளவு சுருங்குகிறது என்பதுதான்.

நிலநடுக்கோட்டுக்கு வடக்கே பதினொன்றரை பாகையில் இருக்கிறது நெய்வேலி. இங்கே ஆண்டின் மிகக் குறுகிய பகல், டிசம்பர் 21ஐ ஒட்டி, சுமார் 11 மணி 27 நிமிடம். மிக நீண்ட பகல், ஜூன் 21ஐ ஒட்டி, சுமார் 12 மணி 48 நிமிடம். இரண்டுக்கும் இடையே 81 நிமிட வேறுபாடு, அதுவும் ஆறு மாதம் பரவி வருவது. பகல் மிக வேகமாகச் சுருங்கும் புரட்டாசியில்கூட ஒரு நாளுக்கு முக்கால் நிமிடம்தான் கழியும். லண்டனில் இதே காலத்தில் நாளொன்றுக்கு நான்கு நிமிடம் கழிகிறது. டிசம்பர் பகல் அங்கே 7 மணி 50 நிமிடம்தான், ஜூன் பகலில் பாதிக்கும் குறைவு. டெல்லியில்கூடக் குறுகிய பகல் 10 மணி 19 நிமிடம். குளிர்காலத்தில் விளக்குப் போடு என்ற அறிவுரை அத்தகைய வடக்கு நாடுகளில் பிறந்தது. அங்கே அது சரி. அட்சரேகை மாறியது தெரியாமல் அது அப்படியே இங்கே வந்து இறங்கிவிட்டது.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 14 மணி நேர ஒளிதான் முட்டையின் திறவுகோல் என்றால், நெய்வேலியில் எந்த மாதமும் அந்தப் பூட்டு திறக்கக் கூடாது. ஆனி மாதத்து நீண்ட பகலும் 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆனாலும் மாசி, பங்குனியில் புறக்கடைக் கோழிகள் சளைக்காமல் இடுகின்றன. மாசிப் பகல் பெரும்பாலும் 12 மணிக்குக் குறைவு, மார்கழியைவிடச் சுமார் அரை மணி நேரம்தான் கூடுதல். அந்த அரை மணி நேரத்துக்காகவா ஒரு கோழி இரண்டு மாத வேலைநிறுத்தத்தை முடித்துக்கொள்ளும்? ஏறக்குறைய இதே அட்சரேகையில் இருக்கும் நாமக்கல் பண்ணைகளும் இதற்குச் சாட்சி. அங்கே முட்டைக்கோழிகளுக்குச் செயற்கை ஒளி கொடுக்கிறார்கள். ஆனால் மார்கழிக்கு மட்டும் அல்ல, சித்திரைக்கும் சேர்த்து, ஆண்டு முழுவதும். நம் நாட்டுப் பகல் எந்தப் பருவத்திலும் 16 மணி ஆகாது என்பதால் செய்யும் ஏற்பாடு அது. பனிக்காலத்துக்கான மருந்து அல்ல.

‘பல்பு போட்ட வீட்டில் முட்டை வந்ததே’ என்ற பதில் உடனே வரும். வரத்தான் செய்யும். ஐப்பசியில் இறகு உதிர்க்கத் தொடங்கிய கோழி மார்கழி கடைசியில் புது இறகோடு தேறி, தையில் மறுபடி இடும். மார்கழி நடுவில் தொங்கவிட்ட பல்புக்கு முட்டையை வரவழைத்த பெயர் கிடைத்துவிடுகிறது. பல்பு போடாத அடுத்த வீட்டிலும் அதே தையில் முட்டை வந்ததை யாரும் குறித்துவைப்பதில்லை. அனல்மின் நிலையத்தைச் சுற்றி எழுந்த ஊரில் விளக்கின் மேல் நம்பிக்கை சற்றுக் கூடுதலாகவே இருப்பதில் வியப்பும் இல்லை.

தார்ப்பாய்க்கு வருவோம். கேடு இங்கேதான் தொடங்குகிறது. கோழியின் எச்சத்தில் முக்கால் பங்கு நீர். இரவு முழுவதும் அது கூண்டுக்குள்ளேயே விழுகிறது. நான்கு பக்கமும் மூடினால் ஈரம் வெளியேற வழியில்லை; எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பி உள்ளேயே தங்கும். காலையில் கூண்டைத் திறக்கும்போது மூக்கில் சுள்ளென்று ஏறுவது அதுதான். பத்து லட்சம் பங்குக் காற்றில் 25 பங்கு அம்மோனியா இருந்தாலே மூச்சுக்குழாயின் மென்மயிர்கள் பழுதாகத் தொடங்கும், கண் எரியும். கிருமியை வெளியே தள்ளும் அந்த மயிர்கள் செயலிழந்தபின் சளியும் மூச்சிரைப்பும் தொற்ற நாளாகாது. கோழி மூக்கொழுகி நிற்பதைப் பார்த்து ‘குளிர் தாக்கிவிட்டது’ என்று இன்னொரு சாக்கை இழுத்துக் கட்டுவார்கள்.

மூடிய கூண்டில் இன்னொரு வேடிக்கையும் நடக்கிறது. பனி விலகட்டும் என்று எட்டு மணிவரை தார்ப்பாயை அவிழ்க்காமல், மாலை ஐந்துக்கே மறுபடி இறக்கிவிட்டால், கோழிக்குக் கிடைக்கும் ஒளியில் இரண்டரை மணி நேரம் போய்விடும். இயற்கை ஆறு மாதத்தில் எடுத்துக்கொள்வது 81 நிமிடம். மேகம் மூடிய நாளிலும் திறந்த முற்றத்தில் ஆயிரக்கணக்கான லக்ஸ் ஒளி உண்டு. கோழியைத் தூண்டப் பத்து லக்ஸ் போதும். பகல் குறைகிறது என்று கவலைப்படுகிறவரே அதை மேலும் குறைக்கிறார்.

அப்படியானால் முட்டை ஏன் குறைகிறது? முதல் காரணம் கோழியின் இயல்பு. நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60 முதல் 80 முட்டைதான் இடும். பன்னிரண்டு, பதினைந்து முட்டை இட்டபின் அடைக்கு உட்காரும். 21 நாள் அடை. பிறகு குஞ்சோடு இரண்டு மாதம் திரியும். ஆண்டின் 365 நாளில் முட்டை வராத நாள் ஏறக்குறைய 290. புறக்கடையில் நான்கு கோழி இருந்து நான்கும் ஒரே சமயத்தில் ஓய்ந்தால் கூடை காலியாகும். அந்த ஓய்வைப் பருவம் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறது. முட்டைக்குள் கரு வளரத் தொடங்கும் வெப்பம் 26, 27 டிகிரிதான். கோடையில் சேர்த்துவைக்கும் முட்டை அடைக்குப் போகுமுன்பே அரைகுறையாக வளர்ந்து கெடும். அதனால்தான் வெயில் தணிந்த பிறகு அடைவைப்பது வழக்கம். முட்டைகளையெல்லாம் அடைக்கு வைத்துவிட்டு, தாய்க்கோழி முட்டையிடவில்லை என்று பனியைக் குற்றம் சொல்வது வேடிக்கையான நியாயம்.

அடுத்தது இறகு உதிர்வு. ஆண்டுக்கொரு முறை கோழி பழைய இறகைக் களைந்து புதிதாகப் போட்டுக்கொள்ளும். ஒரு வயது கடந்தவை பெரும்பாலும் மழைக்கால வாசலில் இதில் இறங்கும். பகல் குறைவதற்கு இதில் ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளலாம். மாதக்கணக்கில் இட்டுக் களைத்த உடம்பு, தீனித் தட்டுப்பாடு, நனைவு ஆகியவற்றின் பங்கு அதைவிடப் பெரிது. இறகு என்பது பத்தில் ஒன்பது பங்கு புரதம். இறகும் முட்டையும் ஒரே புரதக் கணக்கிலிருந்து செலவாகின்றன. இரண்டையும் ஒன்றாக நடத்தக் கோழியால் முடியாது.

மூன்றாவது காரணத்தைத்தான் இந்தப் பகுதி மக்கள் முதலில் நினைத்திருக்க வேண்டும்: மழை. கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கொட்டுகிறது. 2011 டிசம்பர் 30 அதிகாலை கரையேறிய தானே புயலும், 2015 நவம்பர் வெள்ளமும், 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலும் இதே மாதங்களின் வரவுகள். இங்கே குளிர்காலம் என்பது அடிப்படையில் ஈரக்காலம். நனைந்த இறகு காற்றைப் பிடித்துவைக்காது. 24 டிகிரியிலும் நனைந்த கோழி நடுங்கும். குளிர் என்று கண்ணுக்குத் தெரிவது பெரும்பாலும் இந்த நனைவுதான். ஈரத்தரையில் இரத்தக்கழிச்சல் கிருமி முதிர்ந்து பரவும். குடற்புழு முட்டைகள் அழியாமல் கிடக்கும். தேங்கிய நீரில் பெருகும் கொசு அம்மையைக் கோழிக்குக் கோழி சுமக்கும். வெள்ளைக்கழிச்சலுக்கு எந்தப் பருவமும் விலக்கல்ல. பிழைத்த கோழியும் வாரக்கணக்கில் முட்டையிடாது, இட்டாலும் ஓடு கோணலாக இருக்கும்.

மழையால் மேய்ச்சலும் போய்விடுகிறது. மற்ற நாளில் கோழி வேலியோரம், பலா மரத்தடி, குப்பைமேடு என்று சீய்த்துப் புழு, கரையான், கீரை எல்லாம் தானே தேடிக்கொள்ளும். நான்கு நாள் அடைமழையில் கூண்டுக்குள் அடைபட்டால் அதற்குக் கிடைப்பது நொய்யும் மீந்த சோறும். 100 கிராம் நொய்யில் புரதம் 7 கிராம் அளவே. ஒரு முட்டைக்குள் போவது மட்டும் 5 கிராமுக்கு மேல். ஓட்டுக்கு 2 கிராம் அளவு சுண்ணாம்புச் சத்து வேறு. உடம்பை ஓட்டியபின் முட்டைக்கு என்ன மிஞ்சும்? மிளகும் பூண்டும் ‘சூடு’ கொடுக்கும் என்று தூவுவதால் இந்தப் பற்றாக்குறை தீராது. சோளமும் கம்பும் அளவின்றிக் கொட்டினால் வயிற்றில் கொழுப்பு ஏறி முட்டை இன்னும் குறையும். குளிரை எதிர்க்க எரிபொருள் ஏற்றும் உத்தி உறைபனி நாட்டுக்குத்தான் பொருந்தும்.

இடாத முட்டை என்று எழுதப்படும் கணக்கில் இட்டுக் காணாமல் போனதும் சேரும். கூண்டு ஈரமாக இருந்தால் கோழி செம்பருத்திப் புதரடியிலோ விறகுக் குவியலுக்குப் பின்னாலோ திருட்டுக்கூடு வைக்கும். மரமடர்ந்த நகரியத்தில் கீரிக்கும் பாம்புக்கும் செம்போத்துக்கும் அது தெரிந்துவிடும். வீட்டுக்காரருக்குக் கடைசியில்தான் தெரியும்.

காரணங்கள் இவை என்றால் செய்ய வேண்டியதும் வேறு. கூண்டின் தரை நிலத்திலிருந்து ஓரடியாவது உயர்ந்திருக்க வேண்டும். மரச்சட்டத் தரை என்றால் எச்சம் கீழே விழுந்துவிடும். சாரல் வருவது வடகிழக்கிலிருந்து. ஆகவே மறைப்பு வடக்கிலும் கிழக்கிலும் போதும், அதுவும் கோழி அமரும் உயரம் வரை. கூரைக்கடியில் ஒரு சாண் இடைவெளி நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். தெற்கும் மேற்கும் வலை மட்டும். மூடிய தரை என்றால் உமியோ கடலைத்தோலோ நான்கு விரல் கனத்துக்குப் பரப்பி, இரண்டு நாளுக்கொரு முறை கிளறி, கட்டி பிடித்த இடத்தை அள்ளி எறிந்துவிட்டால் அம்மோனியா அவ்வளவாக எழாது. கையில் அள்ளிப் பிடித்துவிட்டால் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் மிகுதி. பேனும் உண்ணியும் போக மண்குளியலுக்குக் கூரைக்கடியில் ஒரு தொட்டி வேண்டும். அதில் அடுப்புச் சாம்பல் போடலாம். அனல்மின் நிலையத்து உலர்சாம்பல் எளிதில் கிடைக்கிறதே என்று அதைக் கொட்டக் கூடாது. சிலிக்கா நிறைந்த மாவுத்துகள் அது, நச்சு உலோகச் சுவடுகளும் உண்டு, குளிக்கிற கோழியின் நுரையீரலுக்குள் நேராகப் போகும்.

தீனியில் கவனம் புரதத்துக்கும் சுண்ணாம்புச் சத்துக்கும் போக வேண்டும். முட்டைக்கோழித் தீவனம் கொஞ்சம் வாங்கி நொய்யோடு கலப்பதே எளிய வழி. கரையான் பிடிக்கும் பானை, அசோலா தொட்டி, முருங்கைக்கீரை எல்லாம் துணை. விருத்தாசலம் பக்கத்துக் கடலைப் புண்ணாக்கு அருமையான புரதம். ஆனால் மழைக்காலத்தில் பூசணம் பிடித்த புண்ணாக்கில் அஃப்ளாடாக்சின் நஞ்சு ஊறும், அது ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்தும். வாசம் மாறினால் எறிந்துவிட வேண்டியதுதான். கடலூர் துறைமுகத்துக் கருவாட்டுத்தூளில் உப்பு மிகுதி. தண்ணீரில் அலசி, சிட்டிகைக் கணக்கில் போடலாம். சுண்ணாம்புக்குக் கடற்கரைக் கிளிஞ்சலை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைத்தால் தேவைப்பட்ட கோழி தானே கொத்திக்கொள்ளும். சுட்ட கிளிஞ்சல் கூடாது. அது வாயையும் குடலையும் வேகவைக்கும்.

அடையை முறைப்படுத்தாமல் முட்டைவரத்தை முறைப்படுத்த முடியாது. நான்கு கோழியில் ஒன்றிரண்டை மட்டும் அடைவைத்து, மற்றவற்றின் அடையைத் தெளியவைக்க வேண்டும். மூக்கில் இறகைச் செருகுவதும் தண்ணீரில் முக்குவதும் வதையே தவிர வேறில்லை, மழைக்காலத்தில் முக்குவது சளிக்கு அழைப்பு. கம்பிவலைத் தரையுள்ள கூண்டில், கீழே காற்றோடும்படி, தீனியும் தண்ணீரும் வைத்து மூன்று நான்கு நாள் விட்டால் வயிற்றுச் சூடு தணிந்து அடை தெளியும். இறகு உதிர்க்கும் கோழியை மட்டும் அதன் போக்கில் விடுவதே நல்லது.

நோய்க்கு மழைக்குப் பிந்திய வைத்தியத்தைவிட மழைக்கு முந்திய தடுப்பூசியே மேல். வெள்ளைக்கழிச்சலுக்குக் குஞ்சுப் பருவத்தில் கண்ணிலும் மூக்கிலும் சொட்டுமருந்து, எட்டு வாரத்தில் இறக்கைத்தோலில் ஊசி. கால்நடைத் துறை கோடைக்கு முன் நடத்தும் இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாமை மட்டும் நம்பியிருந்தால் ஆடி, ஆவணியில் பொரித்த குஞ்சுகள் ஊசியின்றியே மழையைச் சந்திக்கும். குடற்புழு மருந்து மழைக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்தபின் ஒரு முறை.

விளக்குக்கு இடமே இல்லையா என்றால், இரண்டு இடங்களில் உண்டு. ஒன்று, ஐதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்குநரகத்தின் கிராமப்பிரியா போன்ற, அடைக்கு அவ்வளவாக உட்காராத, முட்டைக்கென்றே உருவாக்கிய இனங்களை வளர்ப்பவர்களுக்கு. கோழித்தீவனம் சரியாகக் கொடுத்து, விடியலுக்கு முன் இரண்டு மணி நேரம் ஒரு சிறு எல்இடி பல்பை எரியவிட்டால் பயன் தெரியும். மாலையில் எரித்துச் சட்டென்று அணைத்தால், சட்டத்தில் ஏறாத கோழி இருட்டில் தடுமாறும். தொடங்கினால் ஆண்டு முழுவதும், அதே நேரத்துக்கு. பொங்கல் முடிந்ததென்று நிறுத்தினால் அதுவே செயற்கையான பகல் குறைவாகி, கோழி இறகு உதிர்க்கத் தொடங்கிவிடும். அடைக்கு உட்கார்ந்திருக்கும் நாட்டுக்கோழிக்கு எந்த விளக்கும் முட்டையை வரவழைக்காது.

இன்னொன்று, தாயில்லாமல் வளரும் குஞ்சுகளுக்கு. மார்கழிக் குளிர் உண்மையிலேயே தொடுவது அவற்றை மட்டும்தான். முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைக்கலாம். குஞ்சுக்கு இரண்டு வாட் கணக்கில் குண்டு பல்பை அட்டைத்தடுப்புக்குள் தொங்கவிட்டுக் குஞ்சுகளைப் பார்த்தாலே போதும், வெப்பமானி வேண்டாம். பல்படியில் நெருக்கிக்கொண்டு கீச்சிட்டால் சூடு போதவில்லை. ஓரத்துக்கு ஒதுங்கி வாயைத் திறந்தால் அதிகம். தடுப்பு முழுக்கப் பரவித் தீனி கொத்தினால் சரி. நான்கைந்து வாரத்தில் இறகு முளைத்துவிட்டால் நெய்வேலி மார்கழிக்குக்கூட அந்தப் பல்பு தேவைப்படாது.